தாரணி கமிட் ஆகப்போகிறாள்

1

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் நான் பொதுவாக எதுவும் எழுதுவதில்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு கேக் படம், யாராவது கோயிலுக்குப் போய்வந்தால் கும்பிடும் கைகள், அவ்வளவுதான். பேசவே கூச்சப்படுகிறவள் எழுதவா போகிறேன். ஆனால் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மனசு ரொம்பவே நிறைந்திருந்தது. கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, அபார்ட்மென்ட் லாண்டரி அறையில் மெஷின் ஓடி முடியட்டும் என்று நின்றுகொண்டே, ஒற்றை விரலால் தட்டித் தட்டி இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம தாரணி சீக்கிரம் கமிட் ஆகப்போறா. ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு உள்ளூர், செலவு கம்மி. இன்னொண்ணு வெளியூர், பேர் பெருசு, செலவும் பெருசு. எதுன்னு முடிவு பண்ணலை. அவங்க அப்பாவுக்கு வெளியூர்தான் புடிச்சிருக்கு. எல்லாரும் சாமி கும்பிட்டுக்கோங்க."

பதிலே இல்லை. எல்லாரும் படித்துவிட்டதற்கான நீல அடையாளம் மட்டும் வந்தது. எப்போதும் முதல் ஆளாக வாழ்த்துச் சொல்லும் ஈரோட்டுப் பெரியப்பாகூட வாயைத் திறக்கவில்லை. ஈரத் துணியைக் கூடையில் அள்ளும்போது போன் அடித்தது. கோபியிலிருந்து கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம்.

"ஏனம்மிணி, தாரணிக்குப் பதினேழுதான நடக்குது?"

"ஆமாங்க நங்கையா. ஆகஸ்ட் வந்தா பதினெட்டு."

"அதுக்குள்ளயா?"

"இங்க எல்லாரும் இந்த வயசுலதாங்க பண்றாங்க. அவ கிளாஸ்ல முக்காவாசிப் பேரு பண்ணி முடிச்சாச்சு."

நங்கையா ஒரு நீண்ட மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"செந்தில் என்ன சொல்றான்?"

"வெளியூர்தான் வேணும்ங்கறாருங்க. எவ்வளவு செலவானாலும் நான் பாத்துக்கறேன்ங்கறாரு."

"அவன் எதுக்குச் செலவு பண்ணோணும்? அவிய பண்ண மாட்டாங்களாமா?"

"வெளியூர்க்காரங்க ஒண்ணும் குடுக்கலைங்க. உள்ளூர்லதான் பாதிக்கு மேல அவங்களே பாத்துக்கறாங்க. தாரணி மார்க்கைப் பாத்துட்டு."

"மார்க்கைப் பாத்தா!" என்றார் நங்கையா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி போகுது. ரண்டுல ஒண்ணாச்சும் தமிழ் பேசுமா?" என்றார்.

"இருப்பாங்க நங்கையா. பெரிய இடமாச்சே. எல்லா நாட்டுக்காரங்களும்தான் இருப்பாங்க."

"எல்லா நாட்டுக்காரங்களுமா!"

அதற்கு மேல் நங்கையாவால் முடியவில்லை. போனை அவர் மகள் திவ்யா பிடுங்கிக்கொண்டாள். அவள் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறவள், விவரமானவள்.

"அத்தை, நீங்க காலேஜைப் பத்தித்தானே பேசறீங்க?"

"ஆமா கண்ணு. வேற எதைப் பத்தி?"

"ஐயோ அத்தை! இங்க கமிட் ஆயிட்டான்னா லவ் பண்றான்னு அர்த்தம். உங்க மெசேஜைப் படிச்சிட்டு ஈரோட்டுத் தாத்தா பிரஷர் மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காரு. ரெண்டு பசங்களாம், ஒருத்தன் செலவு கம்மியாம்!"

லாண்டரி அறையில் இருந்த சீனப் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊரில் இருக்கும் நீங்களும் அப்படி எண்ணிவிடாதீர்கள். இங்கே கல்லூரியில் சேர்வதற்கு கமிட் என்றுதான் சொல்கிறார்கள். இடம் கிடைத்த பிள்ளை, மே முதல் தேதிக்குள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தி, ஏதாவது ஒரு கல்லூரிக்கு மட்டும் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும்.

விஷயம் விளங்கியதும் நங்கையா போனைத் திரும்ப வாங்கி அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் கெடக்கட்டும். புள்ளைக்கு எது புடிச்சிருக்கு?"

"உள்ளூரே ஃபைன்னு சொல்றாளுங்க நங்கையா."

"அப்புறம் என்ன? முடிஞ்சுது."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில். என் கணவர் செந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். தாரணி இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் தாரா. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். பழகிவிட்டது.

அவளுக்குப் பூச்சி என்றால் உயிர். மற்றக் குழந்தைகள் அலறி ஓடும்போது இவள் மண்டியிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். சில வருடங்களாக எங்கள் பக்கம் ஒரு புள்ளிப் பூச்சி வந்து மரங்களையெல்லாம் உறிஞ்சுகிறது. கண்டால் மிதித்துக் கொல்லுங்கள் என்று பூங்காவில் போர்டே வைத்திருக்கிறார்கள். தாரணியும் மிதிப்பாள். மிதித்துவிட்டு, அதன் இறக்கையை எடுத்துக் காகிதத்தில் ஒட்டி வைப்பாள். பூச்சிகளைப் பற்றித்தான் படிக்கப்போகிறேன் என்று ஒன்பதாவது படிக்கும்போதே சொல்லிவிட்டாள். செந்தில் நண்பர்களிடம் பயாலஜி என்று சொல்லிக்கொள்வார்.

இரண்டு இடங்களில் சீட் வந்தது. ஒன்று, எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ஆனர்ஸ் காலேஜ். பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துத் தனியாக நடத்துகிற சின்னக் கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். இன்னொன்று கலிஃபோர்னியாவில். பூச்சிப் படிப்புக்குப் பேர் போன இடம். வெளி மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே சலுகை ஒன்றும் கிடையாது. வீடு வாங்குவதற்காக நாங்கள் சேர்த்து வைத்திருப்பது அப்படியே அதற்குப் போகும்.

நம் மாநிலம் என்பதற்கு இங்கே இன்-ஸ்டேட் என்று பெயர். அவர்களுக்குத்தான் கட்டணம் குறைவு. நாங்கள் இந்த மாநிலத்தவர்கள்தான் என்று நிரூபிக்க வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், வரிக் காகிதம், கிரீன் கார்டு எல்லாம் அனுப்பினோம். ஒரு காகிதத்தில் ஒரு வீட்டு எண் விட்டுப்போய்த் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம். கடைசியில் தாரணியை நியூ ஜெர்சிவாசி என்று ஒத்துக்கொண்டு ஒரு மெயில் வந்தது. நான் அதைப் பலமுறை படித்தேன். பள்ளிக்கூடத்துக் கூட்டங்களில் இன்றைக்கும் எங்களைப் பார்த்து, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். பிளெய்ன்ஸ்பரோ என்று சொன்னால், இல்லை, உண்மையில் எங்கிருந்து என்பார்கள். இந்த மெயில் அப்படிக் கேட்கவில்லை. நீங்கள் உள்ளூர் என்றது.

செந்திலுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ப்ளஸ் டூ முடித்ததும் அவருக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. பக்கத்திலேயே காலேஜ் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான்கு வருடமும் கோபியில் பஸ் ஏறிப் போய், பஸ் ஏறி வந்து படித்தவர். அவர் வீட்டை விட்டு முதன்முதலாகக் கிளம்பியதே அமெரிக்காவுக்குத்தான்.

"என்னைத்தான் அனுப்பலை. என் புள்ளைய நான் அனுப்புவேன். வீடு அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்.

"அவளே உள்ளூர் ஃபைன்னு சொல்றாளே" என்பேன் நான்.

"அவ நமக்காகச் சொல்றா, சுமதி."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும். நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். அதற்கு அடுத்த தையில் கல்யாணம். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்து, எதில் போகலாம் என்று நான் யோசித்ததே கிடையாது. இவளுக்கு இரண்டு கிடைத்திருக்கிறது என்பதே எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அவள் தோசை சாப்பிடும்போது கேட்பேன், தலை வாரும்போது கேட்பேன். "ஆனர்ஸ் இஸ் ஃபைன், அம்மா" என்பாள். நான் சந்தோஷமாக அடுப்படிக்குத் திரும்புவேன்.

3

இடம் கிடைத்த பிள்ளைகள் வந்து சுற்றிப் பார்க்க ஆனர்ஸ் காலேஜில் ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்திருந்தார்கள். செந்திலுக்கு அன்று ஆபீஸில் முக்கிய வேலை. நான்தான் தாரணியை அழைத்துப் போக வேண்டியதாயிற்று. ரூட் ஒன் சாலையில் வலது ஓரத்தைவிட்டு நகராமல் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "இக்னோர், அம்மா, இக்னோர்" என்று தாரணி சொல்லிக்கொண்டே வந்தாள்.

போனதும் பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப் போய்விட்டார்கள். பெற்றோரை ஒரு அறையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒரு அம்மா மைக்கோடு நடுவில் வந்து, ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும், நம் கல்லூரியைப் பற்றித் தங்கள் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதையும் சொல்லுங்கள் என்றார். என் முறை வருவதற்குள் வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மைக் வந்தது.

"ஐ யாம் சுமதி. ஃப்ரம் பிளெய்ன்ஸ்பரோ. மை டாட்டர் சேஸ், ஆனர்ஸ் காலேஜ் இஸ் ஃபைன். ஸோ, வெரி வெரி ஹேப்பி."

அறை முழுக்கச் சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை. எல்லாரும் என்னைத் தங்கள் வீட்டு ஆள் மாதிரிப் பார்த்துச் சிரித்தார்கள். மைக் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஓ, தட் வேர்ட்!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த குஜராத்திக்காரர் என் பக்கம் சாய்ந்து மெதுவாக விளக்கினார். அவர் மகனும் எல்லாவற்றுக்கும் ஃபைன்தான் சொல்வானாம். ஃபைன் என்றால் இஷ்டமில்லை, ஆனால் உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை என்று அர்த்தமாம்.

ஊரில் எங்கள் ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் உள்ளே வந்ததும் ஹவ் ஆர் யூ என்பார். மொத்த வகுப்பும் எழுந்து, ஐ யாம் ஃபைன் டீச்சர் என்று கூரை அதிரக் கத்துவோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலேயே ஆனந்தமான சொல் அதுதான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் வாரக்கணக்கில் என் மகளைத் தப்பாகப் படித்திருக்கிறேன். செந்தில் சொன்னதுதான் சரி. பிள்ளை எங்கள் வீட்டுக் கனவுக்காகத் தன் ஆசையை விழுங்கிக்கொண்டு, நான் கேட்கும்போதெல்லாம் ஃபைன் என்றிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருக்கிறேன்.

கூட்டம் முடியும் வரை இருக்கப் பொறுக்கவில்லை. எழுந்து தாரணியைத் தேடி வெளியே வந்தேன். ஆளுக்கொரு திசை காட்டினார்கள். யாரிடமும் வழி கேட்காதவள் அன்று எதிரே வந்த எல்லாரிடமும் கேட்டேன். கடைசியில் பின்பக்கம் இருந்த ஒரு கண்ணாடிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே வலைக் கூண்டுகள். கூண்டுகளுக்குள் செடிகள். செடிகளின் மேல் அந்தப் புள்ளிப் பூச்சியின் குஞ்சுகள், கறுப்பில் வெள்ளைப் பொட்டுகளோடு.

மற்றப் பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள். தாரணி மட்டும் ஒரு கூண்டின் முன்னால் நின்றிருந்தாள். எதிரே நரைத்த தாடியோடு ஒரு பேராசிரியர். அவர் ஏதோ சொல்ல, இவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தாள். "நோ, பட்" என்று ஆரம்பித்தாள். அவர் பதில் சொன்னார். மறுபடியும் "நோ, பட்". பெரிய மனிதரிடம் இப்படியா பேசுவது! அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொன்றை இவள் பக்கம் தள்ளினார். அதில் உட்காராமல், கையை விரித்து, எம்பி எம்பி இவள் எதையோ விளக்கினாள். ஒரு தடவை அவர் வாய்விட்டுச் சிரித்தார்; பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, இவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

என்னைப் பார்த்ததும் "டூ மினிட்ஸ், அம்மா!" என்றாள். அவள் கழற்றிக் கொடுத்திருந்த குளிர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எங்களுக்கு வைத்திருந்த சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைக்கும் வரை அந்த இரண்டு நிமிடம் நீடித்தது.

காரில் ஏறியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை. அந்தப் பூச்சியின் முட்டையைத் தின்னும் இன்னொரு பூச்சியைத் தேடுகிறார்களாம். முதல் வருடத்திலேயே இவளும் சேர்ந்து வேலை செய்யலாமாம். கலிஃபோர்னியாவில் அதற்கு மூன்றாம் வருடம் வரை காத்திருக்க வேண்டுமாம். பாதிதான் எனக்குப் புரிந்தது. சிக்னலில் நின்றபோது கேட்டேன்:

"அப்ப ஃபைன்தானே?"

"ஃபைனா? அம்மா, இட் வாஸ் இன்சேன்!"

இன்சேன் என்றால் பைத்தியம் என்று எனக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது என்றால் கெட்டது, பைத்தியம் என்றால் நல்லது. இந்த ஊர் இங்கிலீஷை நான் எந்தக் காலத்தில் படித்து முடிப்பேன்?

"உண்மையச் சொல்லு தாரணி. இத்தனை நாளா எங்களுக்காகத்தானே ஃபைன்னு சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அட் ஃபர்ஸ்ட், யெஸ்" என்றாள். கொஞ்சம் கழித்து, "வீடு வாங்கணும்னு அப்பா எப்பவும் ஆன்லைன்ல பாத்துட்டே இருப்பார். ஸோ."

தமிழில் சொன்னாள்.

"இப்போ?"

"நவ் ஐ வான்ட் இட். ரியலி, ரியலி. ஆனா அப்பா நம்ப மாட்டார். நீ சொல்லு அம்மா."

"நான் மாட்டேன். நீயே சொல்லு. சண்டை போடு."

"சண்டையா? யூ வான்ட் மீ டு ஃபைட்?"

"ஆமா. நல்லாச் சத்தம் போட்டுப் போடு. அந்த ஃபைன் மட்டும் உன் வாயில வரக் கூடாது."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன். இக்னோர் என்று நான் சொன்னேன்.

4

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சண்டை ஆரம்பித்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"தாரா, நீ எங்களுக்காக எதையும் விட்டுக்குடுக்க வேண்டாம்டா" என்றார் செந்தில். "கலிஃபோர்னியாவுக்கே கமிட் பண்ணிடு."

"அப்பா, ஐ'ம் நாட் விட்டுக்குடுத்திங்!"

செந்தில் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டார். "என்ன, விட்டுக்குடுத்திங்கா?"

"டோன்ட் லாஃப்! ஐ'ம் சீரியஸ்!"

அவள் கத்தினாள், அவர் கத்தினார். பேர் பெற்ற இடம் என்றார். பேரை வைத்து நான் என்ன பண்ண என்றாள். வேலை கிடைக்க வேண்டாமா என்றார். முதல் வருடமே வேலைதான் செய்யப்போகிறேன் என்றாள். லேப்டாப்பைக் கொண்டுவந்து ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் பேராசிரியர் எழுதியதையெல்லாம் காட்டினாள். செந்தில் விடவில்லை. கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதே அவருக்குத் தொழில். முட்டையைத் தின்னுகிற பூச்சி, முட்டை தீர்ந்த பிறகு எதைத் தின்னும் என்று கேட்டார். தாரணி மேசையைத் தட்டினாள்.

"எக்ஸாக்ட்லி! அதைத்தான் நானும் அவர்கிட்ட கேட்டேன்!"

அவ்வளவுதான், சண்டை எங்கோ போய்விட்டது. அப்பாவும் மகளும் தலையோடு தலை வைத்துத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ரசம் ஆறியது. இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பூச்சியைப் பற்றி அவர் இவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"சரி" என்று கடைசியில் நிமிர்ந்தார். "உன் இஷ்டம். உள்ளூரே போ." பிறகு முகம் மலர்ந்து, "அப்ப ஒண்ணு பண்ணலாம். அரை மணி நேரம்தானே? டார்ம், ஹாஸ்டல் எல்லாம் எதுக்கு? வீட்டுல இருந்தே போய்ட்டு வந்துடு. அம்மா சாப்பாடு கட்டிக் குடுப்பா."

தாரணி லேப்டாப்பைப் பாதி மூடினாள்.

நான் இத்தனை வாரமும் சாமியிடம் கேட்டது அதைத்தான். சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவு திறக்கும் சத்தம், ஷூவை உதறும் சத்தம், என்ன இருக்கு சாப்பிட என்ற குரல். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கைவந்த விஷயம்.

"வேண்டாமுங்க" என்றேன். "அவ அங்கயே தங்கட்டும்."

"அரை மணி நேரம்தானே சுமதி?"

"அதனாலதாங்க சொல்றேன். கோபியில பஸ் ஏறிப் போய், பஸ் ஏறி வந்தீங்களே, அதேதான் இவளும் பண்ணணுமா? அனுப்புவேன் அனுப்புவேன்னு சொன்னீங்கல்ல, அனுப்புங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. செந்தில் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தட்டில் காய்ந்துபோயிருந்த சோற்றைப் பார்த்தார்.

"டார்ம் ரூம்ல நல்ல ஜன்னலாப் பாத்துக் கேளு" என்றார்.

தாரணி எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது. பிறகு லேப்டாப்பைத் திறந்து நடுவில் வைத்தாள். நாங்கள் இரண்டு பக்கமும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டோம். கமிட் என்று சிவப்பாக ஒரு பொத்தான். அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்தாள், என் முகத்தை ஒரு தடவை. அழுத்தினாள்.

திரையின் மேலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்து பறந்து விழுந்தன. மஞ்சள், பச்சை, சிவப்பு. மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் விழுந்து முடிந்து திரை வெறுமையானது.

"தாரா, இன்னொரு தடவை அமுக்கு" என்றார் செந்தில், போனைத் தேடிக்கொண்டே. "வீடியோ எடுக்க மறந்துட்டேன்."

"முடியாது அப்பா. ஒன் டைம்தான்."